தாபோடித் தோட்டமும் உறைகுளிர் அறைகளும்: அருகிவரும் தாவரங்களைக் காக்கும் பன்னாட்டு விதைக் கூட்டுறவு

புனே நகரின் வடமேற்கில், பவனா ஆறு முளாவோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்த தாபோடி, இன்று ராணுவப் பொறியியல் கல்லூரிக்காகவும் புறநகர் ரயில் நிலையத்துக்காகவும் அறியப்படும் நெரிசலான பகுதியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவரவியல் ஏடுகளில் அது 'தாபூரி' என்ற பெயரில் இடம்பெற்றதற்குக் காரணம் வேறு. 1828இல் பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த சர் ஜான் மால்கம், கேப்டன் ஃபோர்டு என்ற படை அதிகாரி கட்டியிருந்த மாளிகையை ஆளுநரின் மழைக்கால வசிப்பிடமாக அரசின் பேரில் எடுத்துக்கொண்டதோடு, அதைச் சூழ்ந்த நிலத்தில் மாகாணத்துக்கென ஒரு தாவரவியல் தோட்டத்தையும் ஏற்படுத்தினார். அன்றைய அரசு தோட்டத்திடம் எதிர்பார்த்தது அழகையோ அரிய செடிகளின் பாதுகாப்பையோ அன்று. பருத்தி, கரும்பு, மருந்துச் செடிகள் போன்ற வருவாய் தரும் பயிர்களை வரவழைத்து, தக்காணத்து மண்ணில் அவை பிழைக்குமா என்று சோதித்து, பிழைத்தவற்றின் விதைகளையும் நாற்றுகளையும் மாகாணமெங்கும் வழங்குவதே அதற்கு இடப்பட்ட வேலை.

1838இல் இத்தோட்டத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சன், ஜுன்னருக்கு அருகில் ஹிவரே என்னுமிடத்திலும் ஒரு தோட்டத்தை நடத்தி, படைப்பிரிவுகளுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் வேண்டிய மூலிகைச் சாறுகளை அங்கே தயாரிக்கச் செய்தார். காடழிப்பால் கொங்கணத்தில் ஊற்றுகள் வற்றுகின்றன என்று அரசுக்கு எழுதியவர்களுள் ஒருவரான அவர், 1847இல் பம்பாய் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். தோட்டத்தில் வளர்ந்த உள்நாட்டுச் செடிகளையும் மெக்சிகோ உள்ளிட்ட தொலைநாடுகளிலிருந்து வந்த செடிகளையும் 1847 முதல் 1850 வரையான ஆண்டுகளில் ஓர் இந்திய ஓவியரைக் கொண்டு அவர் வரைவித்தார். 'தாபூரி ஓவியங்கள்' என்று பெயர்பெற்ற, ஏறத்தாழ 170 தாள்களைக் கொண்ட அத்தொகுப்பு இன்று எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் இருக்கிறது. ஹென்றி நோல்டி 2002இல் அதை நூலாக வெளியிட்டார். செடிகளின் இலத்தீன் பெயர்கள் நிலைத்துவிட்டன, வரைவித்தவரின் பெயரும் நிலைத்துவிட்டது, வரைந்தவரின் பெயர் மட்டும் எங்கும் பதியப்படவில்லை. 1860களில் ஆளுநர் மாளிகை கணேஷ்கிண்டுக்கு மாறியதும் தாபோடித் தோட்டத்தின் காலம் முடிவுக்கு வந்தது. 1873இல் கணேஷ்கிண்டில் தொடங்கப்பட்ட தோட்டம் அதன் பணியைத் தொடர்ந்தது.

தாபோடியைப் போன்ற தோட்டங்கள் இணைந்திருந்த வலையமைப்பை விதைகளின் முதல் பன்னாட்டுக் கூட்டுறவு என்று சொல்பவர்கள் உண்டு. கூட்டுறவு என்றால் இரு தரப்புக்கும் பேச்சுரிமை இருக்க வேண்டும். அந்த அளவுகோலில் பார்த்தால் இப்பெயர் அதற்குப் பொருந்தாது. தமிழ் வாசகர்களுக்கு அருகிலுள்ள சான்று நீலகிரியின் சிங்கோனா ஆகும். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைத் தரும் இம்மரத்தின் விதைகளையும் கன்றுகளையும் ஆண்டீஸ் மலை நாடுகள் வெளியே விட விரும்பாத நிலையில், கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் அவற்றைத் திரட்டி உதகைக்குக் கொண்டுவரும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1865இல் பொலிவியாவின் உயர்தர விதைகளைச் சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் லண்டனில் விற்க முயன்றபோது பிரித்தானிய அரசு வாங்க மறுத்தது; டச்சு அரசு ஒரு சிறு பொதியை வாங்கி ஜாவாவில் விதைத்தது; அடுத்த நூற்றாண்டில் உலகக் குயினைன் வணிகத்தின் பெரும்பகுதி ஜாவாவின் கைக்குப் போயிற்று. லெட்ஜருக்காக அவ்விதைகளைத் தேடிச் சேர்த்த பூர்வகுடி மனிதர் மானுவல் இங்க்ரா மாமானியோ பின்னாளில் பொலிவிய அதிகாரிகளிடம் சிறைப்பட்டு உயிரிழந்தார். விதை கேட்டு வரும் வெளிநாட்டு நிறுவனத்தை ஏழை நாடுகள் இன்றுவரை ஐயத்தோடு பார்ப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. அந்த ஐயம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இன்றைய விதை வங்கி ஒப்பந்தங்கள் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

விதை வங்கி என்பது விதைகளை உலர்த்தி, குளிரூட்டி, அவற்றின் உயிரைப் பல பத்தாண்டுகளுக்கும், இயன்றால் நூற்றாண்டுகளுக்கும் நீட்டித்து வைக்கும் காப்பகமாகும். அதன் அறிவியல் அடிப்படை மிக எளியது. விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையும்போதும், சேமிக்கும் இடத்தின் வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் குறையும்போதும், அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது ஹாரிங்டன் வகுத்த நடைமுறை விதி. தென்மாவட்ட உழவர்கள் விதைநெல்லை நன்றாக வெயிலில் காயவைத்து, வைக்கோலைப் புரியாகத் திரித்துச் சுற்றி, காற்றுப் புகாமல் இறுக்கி, மேலே சாணம் மெழுகிக் கட்டிய விதைக்கோட்டை இவ்விதியின் முதல் பாதியை அனுபவத்தால் அறிந்திருந்தது. குளிர்தான் அவர்கள் கைக்கு எட்டவில்லை. பெரும்பாலான விதைகளில் ஈரம் மிகக் குறைந்ததும் உயிரணுவுக்குள் இருக்கும் கூழ்மம் கண்ணாடி போல் இறுகி, வேதிமாற்றங்கள் ஏறக்குறைய நின்றுபோகின்றன. இந்த நிலையில் விதை எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதற்குத் தற்செயலாகக் கிடைத்த ஒரு சான்று உண்டு. 1803இல் யான் டீர்லிங்க் என்ற டச்சு வணிகர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் சேகரித்துத் தோல் குறிப்பேட்டில் வைத்திருந்த 32 வகை விதைகள், அவருடைய கப்பலைப் பிரித்தானியர் கைப்பற்றியதால் லண்டனில் அரசு ஆவணக் கட்டுகளுக்குள் கிடந்து, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டன. ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்படாத அந்த வைப்பிலிருந்தும் மூன்று வகைகள் முளைத்தன.

அம்மூன்றையும் முளைக்க வைத்தது இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், வேக்ஹர்ஸ்டில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மில்லேனியம் விதை வங்கி. கியூ அரச தாவரவியல் தோட்டத்துக்குச் சொந்தமான இந்நிறுவனம் பயிர்களை விடுத்துக் காட்டுத் தாவரங்களையே முதன்மையாகச் சேமிப்பது, அதைப் பிற காப்பகங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. வந்து சேரும் விதைகள் 15 பாகை வெப்பமும் 15 விழுக்காடு காற்று ஈரப்பதமும் கொண்ட அறையில் வாரக்கணக்கில் உலர்த்தப்படுகின்றன. பின்பு துப்புரவு செய்யப்பட்டு, உள்ளீடற்ற பொக்கு விதைகளையும் பூச்சி அரித்தவற்றையும் கண்டறிய எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டு, காற்றுப் புகாத கலன்களில் மைனஸ் 20 பாகையில் வைக்கப்படுகின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு பங்கை எடுத்து முளைக்க வைத்துப் பார்ப்பதும் வழக்கம். களத்தில் கடைப்பிடிக்கும் விதிகளும் கண்டிப்பானவை: ஒரு கூட்டத்தில் அன்று முதிர்ந்து கிடைக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, இயன்றால் 50 செடிகளிலிருந்தாவது சேர்க்க வேண்டும், மிக அரிய செடியென்றால் ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனித்தனிப் பொதியாக வைக்க வேண்டும். ஒரே செடியின் பிள்ளைகளைக் கொண்டு ஒரு காட்டை மீட்க முடியாது என்பதே இவற்றின் பின்னுள்ள காரணம்.

உலகத் தாவர இனங்களில் பத்து விழுக்காட்டைச் சேமிப்பது என்ற முதல் இலக்கை 2009இல் எட்டியபோது, சீனாவின் யுன்னான் மாநிலத்துக் காட்டு வாழை ஒன்றின் விதை அதற்கு அடையாளமாக வைக்கப்பட்டது. எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமானவை இதற்கென எழுதப்பட்ட ஒப்பந்தங்கள். விதையின் ஒரு பாதி சேகரித்த நாட்டிலேயே தங்க வேண்டும். வேக்ஹர்ஸ்டுக்குச் செல்வது இரட்டைப் படி மட்டுமே. அவ்விதையை வணிகத்துக்குப் பயன்படுத்தவோ மூன்றாம் தரப்புக்குத் தரவோ வேண்டுமானால் உரிய நாட்டின் இசைவு தேவை. பயிற்சியும் கருவிகளும் பங்காளி நாட்டுக்கு வந்து சேர வேண்டும். தாபோடியின் காலத்தோடு ஒப்பிட்டால் பெரும் மாற்றம் இந்த விதிகளில் இருக்கிறதே ஒழிய, குளிர்பதன அறையில் அன்று. 1993இல் நடைமுறைக்கு வந்த பல்லுயிர் உடன்படிக்கை, உயிர்வளம் அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்று அறிவித்ததன் விளைவு இது. 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, பயனைப் பகிர்வதற்கான சட்டக் கடமையை இன்னும் தெளிவாக வரையறுத்தது.

இந்தியா தன் பங்குக்கு வேறொரு பாதையை வலுவாக அமைத்துக்கொண்டது. 1976இல் உருவான தேசிய தாவர மரபுவளப் பணியகம், 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்திய-அமெரிக்கக் கூட்டுத் திட்டத்தின் துணையோடு, 1996இல் புது டெல்லி பூசா வளாகத்தில் தேசிய மரபணு வங்கியை நிறுவியது. மைனஸ் 18 பாகையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைக் கொண்ட அது உலகின் மிகப் பெரிய பயிர் மரபணு வங்கிகளுள் ஒன்று. லடாக்கின் சாங் லா கணவாயில், 17,000 அடிக்கு மேல், இயற்கைக் குளிரை நம்பி 2010இல் ஒரு பாதுகாப்பு வைப்பகமும் அமைக்கப்பட்டது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008 முதல் இயங்கும் உலக விதைக் காப்பகத்துக்கு ஐதராபாத்தை அடுத்த பதஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் ஆய்வு மையம் சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை விதைகளை அனுப்பியிருக்கிறது. அனுப்பிய நிறுவனத்தைத் தவிர வேறெவரும் பெட்டியைத் திறக்க முடியாது என்பது ஸ்வால்பார்டின் அடிப்படை விதி. சிரியாவின் அலெப்போவில் போரால் தன் வங்கியைப் பயன்படுத்த முடியாமற்போன இக்கார்டா நிறுவனம் 2015இல் தன் விதைகளைத் திரும்பப் பெற்று, மொராக்கோவிலும் லெபனானிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் மறுபடியும் ஒரு பங்கை அங்கே அனுப்பி வைத்தது. கூட்டுறவு தன்னை மெய்ப்பித்துக் காட்டிய தருணம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆயினும் இவையெல்லாம் உணவுப் பயிர்களுக்கானவை. நெல்லுக்கும் துவரைக்கும் ஆராய்ச்சி நிறுவனமும் நிதியும் பன்னாட்டு உடன்படிக்கையும் உண்டு. மலைச்சரிவில் நூறோ இருநூறோ எஞ்சிநிற்கும், யாரும் உண்ணாத, யாரும் விற்காத ஒரு செடிக்கு அப்படிப்பட்ட புரவலர் இல்லை. புனேவைச் சுற்றியுள்ள மலைக்கோட்டைகளில் வாழும் ஃப்ரேரியா இண்டிகா இதற்கு எடுத்துக்காட்டாகும். கிப்சனோடு இணைந்து 1861இல் 'பம்பாய் ஃப்ளோரா' என்ற நூலை வெளியிட்ட நிக்கல் டால்செல், 1860களின் நடுப்பகுதியில் இதை அறிவியல் உலகுக்கு விவரித்து, அன்றைய ஆளுநர் சர் பார்ட்டில் ஃப்ரேரின் பெயரைச் சூட்டினார். தாபோடியை மூடிக் கணேஷ்கிண்டு மாளிகையை எழுப்பிய காலத்து ஆளுநரும் அவரே. எருக்கங் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, சிவ்நேரி, புரந்தர், சஜ்ஜன்கட் போன்ற குன்றுகளின் செங்குத்துப் பாறை இடுக்குகளில் சதைப்பற்றுள்ள தண்டுகளைப் படரவிட்டு, மழைக்காலத்தில் இலை தளிர்த்து, மஞ்சள் புள்ளியிட்ட செந்நிற நட்சத்திரப் பூக்களைப் பூக்கும். மராத்தியில் ஷிந்தல் மாகுடி என்பர். அண்மைக்கால வகைப்பாட்டில் அது பூசெரோசியா பேரினத்தில் சேர்க்கப்பட்டு, ஆளுநரின் பெயர் சிற்றினப் பெயராகச் சுருங்கிவிட்டது. உலகப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு காலத்தில் மிகவும் அருகிவிட்ட பன்னிரண்டு தாவரங்களுள் ஒன்றாக அதை எடுத்துக்காட்டியது.

ஃப்ரேரியாவைக் காப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், கடினமே அன்று. தண்டை ஒடித்து நட்டால் வேர்விடும். 1955 முதல் புனேவில் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு வட்டம் அதைத் தன் தோட்டத்தில் வளர்க்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சதைப்பற்றுச் செடி ஆர்வலர்கள் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். சிக்கல் அந்த எளிமையிலேயே இருக்கிறது. ஒடித்து நட்ட தண்டு தாயின் அச்சு நகல். ஆயிரம் தொட்டிகள் இருந்தாலும் அவற்றுள் நான்கைந்து தாய்ச்செடிகளின் மரபு மட்டுமே இருக்கக்கூடும். எந்தக் குன்றின் எந்தப் பாறையிலிருந்து எடுத்தது என்ற பதிவு இல்லாத செடியைக் கொண்டு இயற்கைக் கூட்டத்தை மீட்கவும் இயலாது. மரபு வேறுபாட்டைத் தாங்கிவருவது விதையே. அதைப் பெறுவது பெரும்பாடு: ஈக்கள் மகரந்தத்தைச் சரியான இடுக்கில் செருகினால்தான் காய்பிடிக்கும், இரட்டைக் கொம்புபோல் எழும் காய் முற்றியதும் ஒரு பக்கமாக வெடித்து, எருக்கங்காய் போலவே பட்டிழை முளைத்த விதைகளைக் காற்றில் விட்டுவிடும். ஆகவே சேகரிப்பவர் காய் வெடிப்பதற்கு முன்பே பாறையில் இறங்கி, ஒவ்வொரு காய்க்கும் மெல்லிய துணிப்பை கட்டிவைத்து, மறுபடி வந்து எடுக்க வேண்டும். இவ்வளவு உழைப்பில் கிடைப்பதும் கைப்பிடியளவே. அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான் எடுக்கலாம்.

அப்படியிருந்தும் வட மேற்குத் தொடர்ச்சி மலை, விதை வங்கிக்கு இசைவான நிலம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூனில் தொடங்கி நான்கு மாதம் கொட்டித் தீர்க்கும் மழைக்குப் பின் எட்டு மாதம் காய்ந்து கிடக்கும் கரும்பாறை மேடுகளில் வாழும் சிறுசெடிகளுள் பல, வறட்சியை விதையாகவோ கிழங்காகவோ கடப்பவை. அவற்றின் விதைகள் பெரும்பாலும் உலர்த்தலைத் தாங்கும். தெற்கே போகப்போக நிலைமை தலைகீழாகிறது. ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்த மழைக்காட்டு மரங்கள், விழுந்தவுடன் முளைத்துவிடும் ஈர விதைகளைத் தருகின்றன. உலர்த்தினால் அவை செத்துப்போகும். பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது என்பது வீட்டில் பலா உள்ளவர்கள் அறிந்ததே. 1973இல் இ. எச். ராபர்ட்ஸ் விதைகளை உலர்தாங்கும் விதை, உலர்தாங்கா விதை என்று இரண்டாகப் பிரித்தார். வெள்ளைக் குங்கிலியம், சதுப்பு நிலக் காட்டு ஜாதிக்காய் மரங்கள், கோகம், நாவல், மா ஆகியவை இரண்டாம் வகை. 2018இல் 'நேச்சர் பிளான்ட்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று, அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களில் 36 விழுக்காட்டுக்கும், மர இனங்களில் 33 விழுக்காட்டுக்கும் வழக்கமான விதை வங்கி உதவாது என்று மதிப்பிட்டது. இவற்றின் முளைக்கருவை மட்டும் நுணுக்கமாகப் பிரித்தெடுத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் உறையவைக்கும் மிகுகுளிர்ப் பதனம் ஒரு வழி. ஆனால் அதற்கான செய்முறையை இனத்துக்கு இனம் புதிதாகக் கண்டறிய வேண்டியிருக்கிறது, செலவும் மிகுதி. இந்த மரங்களுக்குக் காடுதான் வங்கி என்பதில் ஐயமில்லை. விதை வங்கி இருக்கிறதே என்ற ஆறுதலில் காட்டு நிலத்தைத் திட்டங்களுக்கு விட்டுக்கொடுப்பது மிக ஆபத்தான கணக்கு.

பன்னாட்டுக் கூட்டுறவுக்கு இந்தியச் சட்டம் தடையா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுப்படி, இந்திய உயிர்வளத்தைப் பெற விரும்பும் வெளிநாட்டவரும் வெளிநாட்டு நிறுவனங்களும் சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன்னனுமதியைப் பெற வேண்டும். ஐந்தாம் பிரிவு, மத்திய அரசின் நெறிமுறைகளுக்கு உட்பட்ட நிறுவனக் கூட்டாய்வுகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிங்கோனாவின் கதையை அறிந்தவர்கள் மூன்றாம் பிரிவைக் குறைகூற மாட்டார்கள். நடைமுறையில் இடறுவது காலம்: காய் முற்றி வெடிக்கும் இடைவெளி நாட்கணக்கிலானது, கோப்பு நகர்வது மாதக்கணக்கில். ஒரு பருவம் தப்பினால் அடுத்த வாய்ப்பு ஓராண்டுக்குப் பின்னரே. நூறு செடிகளே எஞ்சிய இனத்துக்கு அந்த ஓராண்டு சிறிய காலம் அன்று.

சேமித்தது திரும்பி வருவதற்குப் பிறர் துணை எவ்வளவு தேவைப்படக்கூடும் என்பதை மொரீசியஸ் காட்டியது. அத்தீவுக்கு மட்டுமே உரிய சிலிண்ட்ரோக்லைன் லோரன்சி என்ற சிறுமரத்தின் கடைசிச் செடி 1990இல் இயற்கையில் மடிந்தது. அதற்கு முன்பே பிரான்சின் பிரெஸ்ட் நகரத் தாவரவியல் காப்பகத்துக்குச் சென்றிருந்த விதைகள் சில எஞ்சியிருந்தன. ஆனால் அவை முளைக்கவில்லை. கருவில் ஆங்காங்கே உயிருடனிருந்த சில அணுத்தொகுதிகளைக் கண்டறிந்த ஆய்வாளர்கள், அவற்றைத் திசு வளர்ப்பால் முழுச் செடிகளாக்கி, மொரீசியஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். விதை நாட்டுக்கு வெளியே இருந்ததால் இனம் பிழைத்தது. ஆனால் அது சரியாக உலர்த்திப் பதப்படுத்தப்பட்டு, அவ்வப்போது முளைப்புச் சோதனைக்கு உட்பட்டிருந்தால் இந்த அரிய அறுவைத்திறன் தேவைப்பட்டிராது என்றும் இதைப் படிக்கலாம்.

மகாராஷ்டிர அரசு 2022இல், ஐந்தாண்டுகளுக்கு 172.39 கோடி ரூபாய் மதிப்பில், மாநில மரபணு வங்கித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. உள்நாட்டுப் பயிர் வகைகள், கால்நடை இனங்கள், கடல் மற்றும் நன்னீர் உயிர்கள், புல்வெளிகள் எனப் பலவும் அதன் வரம்புக்குள் வருகின்றன. அன்றைய அகமதுநகர் மாவட்டத்துக் கொம்பளணே கிராமத்தில் நாட்டு விதைகளைச் சேகரித்து 2020இல் பத்மஸ்ரீ பெற்ற ராஹிபாய் போபரேயும், அவருக்குத் துணைநின்ற, புனேவைத் தலைமையிடமாகக் கொண்ட பைஃப் நிறுவனமும் உழவர் விதை வங்கிக்கு ஏற்கெனவே ஒரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். பாறைச் செடிகளுக்கு அத்தகைய வழி இன்னும் அகலமாகத் திறக்கப்படவில்லை. தாவரவியல் ஆய்வகம், கணேஷ்கிண்டுத் தோட்டம், பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் ஆகிய மூன்றும் ஒரே நகரில் இருக்கும் நிலையில், ஃப்ரேரியாவுக்கும் அதன் உறவினங்களான செரோபீஜியாக்களுக்கும் ஒரு கூட்டு வைப்பை இங்கேயே தொடங்க இடமிருக்கிறது. மூல விதை புனேவிலும், இரட்டைப் படி டெல்லியிலும் இருக்க, உலர்த்தும் முறையும் முளைப்புச் சோதனையும் பற்றிய அறிவை வேக்ஹர்ஸ்டு போன்ற இடங்களிலிருந்து பெறலாம். வெளிநாட்டுக்கு ஒரு விதைகூடப் போகாமலும் இக்கூட்டுறவு நடக்க முடியும். இதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டியது காய் பிடித்த பிறகு அன்று, மழை தொடங்குவதற்கு முன்பே. துணிப்பைகளோடு சிவ்நேரியில் இறங்குபவரின் கையில் அனுமதிக் கடிதமும், ஒவ்வொரு செடியின் இடத்தையும் குறித்துவைக்கும் பதிவேடும் அப்போதே இருந்தாக வேண்டும்.